ஒன்பதாவது குழியில் தெரிந்த எண்

கீரனூர்
3.6.2025

ராஜா முகமதுவுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

ஆறு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். இங்கே எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். உன் ஃபோன் எண்ணை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்கும் உத்தேசம் இன்றும் இல்லை. எனக்கு உன்னிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சிக்கு வெளியே புதிதாக ஒரு கோல்ஃப் மைதானம் அக்டோபரில் திறக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்கு விதிகளைச் சொல்லவும் ஸ்கோர் அட்டைகளைச் சரிபார்க்கவும் ஒரு ஆள் தேடினார்கள். போய்ப் பார்த்தேன். செயலாளர் பெலிக்ஸ் என்று ஒருவர். அரை மணி நேரம் விதிப் புத்தகத்திலிருந்து கேட்டார். நான் புத்தகத்தைத் தொடாமலே சொன்னேன். "ஒங்கள மாதிரி ஆளத்தான் சார் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். ஐம்பத்தொரு வயதில் ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. இப்போது ஒரு ட்யூஷன் சென்டரில் பிசிக்ஸ் எடுக்கிறேன். அதன் முதலாளி ப்ளஸ் டூவில் பிசிக்ஸில் தோற்றவன்.

பெலிக்ஸ் முறைப்படி மஸ்கட்டில் இருக்கும் நம் பழைய கிளப்புக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: 'ஓர் உறுப்பினர் மீது பொய்ப் புகார் கூறியதற்காக நீக்கப்பட்டவர்.' அவர் நல்ல மனிதர், கூப்பிட்டுக் காட்டினார். "அன்னைக்கி கூட இருந்தவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா போதும் சார், நான் பேசிக்கிறேன்" என்றார்.

கூட இருந்தவன் நீ.

மறந்துவிட்டேன் என்று நீ சொல்ல வழியில்லாமல், நடந்ததைக் கோர்ட்டில் சொல்வதுபோல எழுதுகிறேன். 2019 நவம்பர், கிளப் கோப்பையின் கடைசி நாள். நாம் 'அளவுகாரர்' என்று பெயர் வைத்திருந்த அந்த சர்வேயர் உறுப்பினருக்கு நான் மட்டைப் பை தூக்கினேன். நீ அதே குழுவில் ஆடிய டாக்டருக்குத் தூக்கினாய். ஒன்பதாவது குழி மேட்டில் இருக்கிறது. மேட்டுக்கு அடிக்கும்போது நேர் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட்டி அடிக்க வேண்டும், எவ்வளவு கூட்டுவது என்பதை ஆடுகிறவன் தன் கண்ணால்தான் முடிவுசெய்ய வேண்டும். தூரம் பார்க்கும் கருவி நேர் தூரத்தைச் சொல்லலாம், மேடு பள்ளத்தைக் கணக்குப் பண்ணிச் சொல்லக் கூடாது. அதற்கான ஸ்விட்ச் போட்டியன்று அணைந்திருக்க வேண்டும். அளவுகாரர் கருவியைக் கண்ணில் வைத்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். மேலே நேர் தூரம் 152, அதன் கீழே சின்னதாக, மேட்டையும் சேர்த்து 159. ஸ்விட்ச் போட்டிருந்தது. எட்டாம் நம்பர் மட்டையை உள்ளே வைத்துவிட்டு, இன்னும் தூரம் போகும் ஏழாம் நம்பரை எடுத்தார். பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஸ்விட்ச் போட்ட கருவியில் பார்த்தாலே ஸ்கோரில் இரண்டு அடி, அதாவது இரண்டு ஸ்ட்ரோக், தண்டனை சேர்க்க வேண்டும். அவர் சேர்க்கவில்லை. அடுத்தவரைவிட ஒரே ஓர் அடி குறைவாக எடுத்துக் கோப்பையை வாங்கினார்.

நான் கமிட்டியிடம் சொன்னேன். அவர் மறுத்தார். கருவியை வாங்கிப் பார்த்தார்கள், ஸ்விட்ச் அணைந்திருந்தது. உன்னைக் கேட்டார்கள். நீ என்னிடமிருந்து நாலடி தள்ளித்தான் அன்று நின்றாய். "நான் பாக்கல சார்" என்றாய். பதினொரு நாளில் நான் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கினேன்.

'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு செய்தி எதுவும் வேண்டாம்.

ஆ. திருமுருகன்


மஸ்கட்
19.6.2025

அன்புள்ள வாத்தியாருக்கு,

ராஜா எழுதுவது. நீ 'அன்புள்ள' போடாவிட்டாலும் நான் போடுவேன், ஒரு கடிதத்துக்கு ஒருவராவது போட வேண்டும்.

கவர் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அறையில் இருந்த கருப்பன், "என்னண்ணே, கோர்ட் நோட்டீசா?" என்று கேட்டான். "அதைவிடப் பெருசுடா" என்றேன். கருப்பன் நம் கீரமங்கலத்து ஆள், நீ போன பிறகு வந்தவன்.

சுகுணா தங்கச்சி எப்படி இருக்கிறது? ஹரிணி காலேஜ் முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல செய்தியை எல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன வருடம் மீமிசலில் ஒரு கல்யாணத்துக்கு வந்தாயாமே. என் வீட்டுக்காரி ரோஷன் உன்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள், நீ அங்கிட்டுத் திரும்பிக்கொண்டாயாம். "அண்ணன் காதுல விழுகல போல" என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு உண்மை தெரியும் வாத்தியாரே, உனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. மகள் சாமியா திருச்சியில் பார்மசி இரண்டாம் வருடம். பெருநாளைக்குப் போக முடியவில்லை, பெட்டியில் கொஞ்சம் சாமான் கொடுத்தனுப்பினேன்.

மூன்று வருடமாக நான்தான் இங்கே பை தூக்கும் கேடிகளுக்குத் தலைவன். இந்த வேலையின் பெயரை ஊரில் சொன்னால் அத்தை இன்னும், "மெதுவாப் பேசுங்க, போலீசு வந்துரும்" என்கிறார். முப்பத்திரண்டு பேர். போட்டி நாள் காலையில் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவன் கையில் இருக்கும் கருவியையும் வாங்கி, ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறேன். என்னைப் போல் வேறெந்த கிளப்பிலும் யாரும் பார்ப்பதில்லை என்று பையன்கள் கேலி செய்கிறார்கள்.

நீ கேட்ட விஷயம். நான் அப்போது டாக்டரின் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கருவியில் என்ன பார்த்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் அது இன்னொரு பொய் ஆகாதா? இன்னொன்று, அளவுகாரர் இப்போது கமிட்டித் தலைவர். என் ஒப்பந்தத்தில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். சாமியாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

உன் நடத்தையைப் பற்றி, உன் விதி அறிவைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். பெலிக்ஸ் சார் படித்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு போவார். சம்மதமா? வெயிலில் அலையாதே. உனக்கு எப்போதும் தலைவலி வரும்.

உன்
ராஜா


கீரனூர்
4.7.2025

ராஜா முகமதுவுக்கு,

எனக்குத் தலைவலி வருவது வெயிலால் அல்ல.

உன் நடத்தைச் சான்றிதழை நீயே வைத்துக்கொள். எனக்குச் சான்று கொடுக்க முன்வந்தவர்கள் பட்டியல் பெரிது. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழகத்தில் நான்காமவனாக வந்தபோது கொடுத்தார்கள், கல்லூரி வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். 'ஸ்போர்ட்ஸ் கிளப் சூப்பர்வைசர்' என்று விசாவைக் காட்டி என்னை அனுப்பிய மச்சினன் இன்றும் என் வீட்டுக்கு வந்து, "அத்தான் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா இந்நேரம் அங்கேயே செட்டில் ஆயிருக்கலாம்" என்று காப்பி குடித்துவிட்டுப் போகிறான். அவனுக்கும் உனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவனை நான் நண்பன் என்று எண்ணியதில்லை.

நீ மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாயா? டாக்டர் அப்போது அடித்து முடித்திருக்கவில்லை. எதைத் துடைத்தாய்?

என் மகள் இங்கே என்ன கேட்டாள் தெரியுமா? வேலை ஏன் தள்ளிப்போகிறது என்று சொன்னபோது, "அப்பா, நெசமாவே நீங்க பொய் சொல்லலதானே?" என்றாள். கோபமாக இல்லை, சும்மா கேட்டாள். ஆறு வருடமாக அவள் மனதில் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. அன்று நான் சாப்பிடவில்லை.

வேலை என்ன வேலை, அது போனால் போகிறது. என் வீட்டுக்குள்ளேயே என் பெயரைக் கெடுத்துவிட்டாய் நீ.

பெலிக்ஸ் ஆகஸ்ட் பதினைந்து வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். 'பார்த்தேன்' என்று எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் எழுதாதே. ரோஷன் பேகத்தைப் பற்றியோ பெருநாள் பெட்டியைப் பற்றியோ எழுதி என்னை இளக்கப் பார்க்காதே. அவரிடம், காதில் விழுந்தது, திரும்பிக்கொண்டது தப்பு என்று சொல்.

திருமுருகன்


மஸ்கட்
28.7.2025

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் மகள் கேட்டதைப் படித்த பிறகு நான்கு நாள் இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். இன்று முழுதாக எழுதிவிடுகிறேன். ஊருக்கு வரும் அரவிந்த்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பார்க்கவில்லை என்றது உண்மை. அந்த எண்ணை நான் பார்க்கவில்லை. ஆனால் ஸ்விட்ச் போட்டிருந்தது எனக்குத் தெரியும், உன்னைவிட நன்றாகவே தெரியும். போட்டது நான்தான்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அளவுகாரர் கருவியை என் கையில் கொடுத்து, பதினெட்டுக் குழிக்கும் மேடு பள்ளம் பார்த்து நோட்டில் எழுதித் தரச் சொன்னார். உனக்குத் தெரியும், போட்டிக்கு முன்னால் அப்படிப் பார்த்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஸ்விட்சைப் போட்டுச் சுற்றி வந்தேன். பதினெட்டாவதில் நிற்கும்போது கேம்ப் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அதை விட்டால் ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கருவியை அவர் பையில் போட்டுவிட்டு ஓடினேன். அணைக்கவில்லை. மறுநாள் காலையில் பையை உனக்குக் கொடுத்தார்கள், என்னை டாக்டருக்கு மாற்றினார்கள். எனக்கு ஞாபகமே வரவில்லை.

நீ ஸ்கோர் அட்டை வாங்கும் கூடாரத்தில் கமிட்டி முன்னால் நின்று "159" என்று சொன்னாயே, அந்த நிமிடம்தான் முந்தின நாள் ஸ்விட்ச் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை வாத்தியாரே. அவருக்கு ஸ்விட்ச் போட்டிருப்பதே தெரியாது, கீழே இருந்த சின்ன எண்ணைக் கவனிக்காமல், மேட்டைக் கண்ணால் பார்த்துத்தான் மட்டையை மாற்றினார். நான் வாயைத் திறந்து, "சார், நான் மறந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு அடி கூடியிருக்கும், கோப்பை போயிருக்கும். யாரையும் யாரும் பொய்யன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். சாமியாவுக்கு அப்போது பதிமூன்று வயது. எனக்குப் பதிலாக உன்னை அனுப்பினார்கள்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் உன்னைக் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது, "ஒடம்பப் பாத்துக்க வாத்தியாரே" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பு.

போன வியாழக்கிழமை எல்லாவற்றையும் எழுதி கமிட்டியிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கேட்டிருந்தால் தள்ளிப்போட்டிருப்பேன். அளவுகாரர் இரண்டு முறை படித்தார். "அந்த ஆளை நான் ஆறு வருடம் பொய்யன் என்று நினைத்தேன். அவனும் என்னை அப்படித்தான் நினைத்திருப்பான்" என்றார். போட்டி அன்றே முடிந்துவிட்டதால் முடிவை மாற்ற விதியில்லையாம். உன் ஃபைலில் இருந்த வரியை எடுக்கிறார்கள், பெலிக்ஸ் சாருக்கு மெயிலும் போய்விட்டது. எனக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க வேண்டாம் என்று கமிட்டியில் மூன்று பேர், வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர். மாதக் கடைசியில் இன்னொரு முறை கூடுவார்கள். எனக்கு நம்பிக்கையில்லை, பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். ரோஷன், "சும்மா வாங்க, நம்மூர்க் கடல்ல மீனுக்கா பஞ்சம்?" என்கிறாள்.

ஹரிணியிடம் சொல். அவள் அப்பா பொய் சொல்லவில்லை. இதை முதலில் அவளிடம் சொல்லிவிட்டு, பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன்
ராஜா


கீரனூர்
13.8.2025

அன்புள்ள ராஜா,

உன் கடிதத்தை அரவிந்த்குமார் கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே படித்தேன். சுகுணா, "என்னங்க, என்னாச்சு?" என்றாள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "பாவம் அந்த அண்ணன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் பாவமில்லையா?

ஹரிணியிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் கேட்டிருக்கவே கூடாதுப்பா" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். சந்தோஷம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

அன்றைய ஒரு நாளை நான் இருபதாயிரம் தடவை நினைத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுவேன். நீ மறைத்ததை எழுதிய பிறகு அந்த இடத்தை எனக்குத் தாண்டத் தெரியவில்லை. எழுதுகிறேன்.

ஐந்தாவது குழியில் அளவுகாரர் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் சொன்னது தப்பாகிவிட்டது. "இவன் பிசிக்ஸ் எம்.எஸ்சி.யாம், காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை" என்று டாக்டரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அது பெரிய அவமானம் இல்லை, இப்போது எழுதும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பதாவது குழியில் 159ஐப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? மாட்டினான் என்ற சந்தோஷம்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "சார், ஸ்விட்ச் போட்டிருக்கு" என்று ஒரு வாக்கியம். இரண்டு அடி தண்டனை, மீதி ஒன்பது குழியில் அதை ஈடுகட்டியிருப்பார். நான் சொல்லவில்லை. அவர் அட்டையில் கையெழுத்துப் போடட்டும், எல்லோரும் கூடியிருக்கும் கூடாரத்தில் விழட்டும் என்று ஒன்பது குழி, இரண்டு மணி நேரம், பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

அடுத்தது இதைவிட மோசம். கருவி என் கையில் இருந்தபோது அங்கேயே ஸ்விட்சை அணைத்தது நான். இன்னொரு தடவை அது போட்டிருந்தபடி அவர் பார்த்தால், விதிப்படி ஆட்டத்திலிருந்தே பாதியில் நீக்கிவிடுவார்கள். எனக்கு அவர் கடைசி வரைக்கும் ஆட வேண்டியிருந்தது. கமிட்டி, "அணைந்திருக்கிறதே, யார் அணைத்தது?" என்று கேட்டபோது, "அவராகத்தான் இருக்கும்" என்றேன். உன்னைக் கேட்பதற்கு முன்னால் நான் அந்தப் பதிலைச் சொல்லி முடித்திருந்தேன். என் ஃபைலில் எழுதியிருந்த வரி முழுப் பொய் அல்ல, ராஜா. இத்தனை வருடத்தில் அதை நான் எனக்கே ஒரு தடவை கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

நீ மறந்தாய், பிறகு பயந்தாய். நான் யோசித்துச் செய்தேன்.

நேற்று பெலிக்ஸ் கூப்பிட்டார். "எல்லாம் க்ளியர் சார், ஒண்ணாம் தேதி வந்து சேந்துக்கங்க" என்றார். திருச்சிக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுழற்றினார். "இத நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல சார்" என்றார். "அதனாலதான் சார் வந்தேன்" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசிக்கட்டும். ஹரிணியிடமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். பிறகு எனக்கு மோர் ஊற்றியது அவள்தான்.

கமிட்டிக்கும் எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். ஸ்விட்சை அணைத்தது நான், வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தது நான், கமிட்டியிடம் பொய் சொன்னது நான் என்று. ராஜா முகமது செய்தது மறதி. அந்த மறதிக்காகத்தான் அவர் இன்று முப்பத்திரண்டு பேரின் கருவியையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்க்கிறார், அப்படி ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும் என்று. இந்த விஷயத்துக்கு ஒருவன் வெளியே போக வேண்டுமென்றால் அந்த ஒருவன் ஆறு வருடத்துக்கு முன்பே போய்விட்டான் என்று. அளவுகாரருக்குத் தனியாக மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்ததை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அதை எழுதவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்குப் பழக்கமில்லாத வேலை, நாள் பிடிக்கும். அவர்கள் உன்னை வைத்துக்கொண்டால் இரு. அனுப்பினால் திருச்சியில் இறங்கும் நாளையும் நேரத்தையும் எழுது, கீரனூரில் சாப்பிட்டுவிட்டு மீமிசலுக்குப் போகலாம். சுகுணா கேட்டாள், ரோஷன் பேகத்துக்குச் சர்க்கரைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று.

இதை எங்கள் போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கமிட்டிக்கான கவரைக் கவுண்டரில் கொடுத்து, முத்திரை விழுவதைப் பார்த்து, ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் உனக்குப் பேனாவை எடுத்தேன். முதலில் உனக்கு எழுதியிருந்தால் அந்தக் கவர் என் பையிலேயே வீடு திரும்பியிருக்கும். என்னை எனக்குத் தெரியும்.

உன்
திருமுருகன்